மாத்திரை கீமோ: பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா?

கேள்வி, 9 பிப்ரவரி 2025

அம்மாவுக்கு 66 வயது. பெருங்குடலில் புற்றுக்கட்டி, அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது கேப்சைட்டபின் என்ற கீமோ மருந்து, 500 மில்லிகிராம் மாத்திரை, காலையில் 3, இரவில் 3. தொண்டையில் நிற்கிறது, விழுங்க முடியவில்லை என்கிறார். என் மனைவி அம்மியில் பொடித்துத் தேனில் குழைத்துத் தருகிறாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம், அவளால் முடிந்த உதவி. ஊசி இல்லையே, வெறும் மாத்திரைதானே, இதில் பயப்பட ஒன்றும் இல்லை அல்லவா?

9 பிப்ரவரி, இரவு 10.15

நிறுத்துங்கள். மாத்திரையை அல்ல, அம்மியை.

தம்பி, நாளைக் காலை முதல் வேலையாக இரண்டு போன். ஒன்று, அம்மாவின் டாக்டருக்கு: விழுங்க முடியவில்லை, இத்தனை நாளாகப் பொடித்துக் கொடுத்தோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு, உங்கள் மனைவியைப் பார்க்கும் மகப்பேறு டாக்டருக்கு: எந்த மருந்து, எத்தனை நாள் கையால் தொட்டாள், பொடி பறந்ததா என்று சொல்லுங்கள். வளரும் செல்லைத் தாக்குவதுதான் இந்த மாத்திரையின் வேலை. வயிற்றில் இருக்கும் குழந்தை முழுக்க முழுக்க வளரும் செல். அவள் இனி அந்த அட்டையைக் கூடத் தொட வேண்டாம். அம்மியை மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

மற்றதை நாளை எழுதுகிறேன். கண் எரிகிறது.

10 பிப்ரவரி, காலை 6.30

நேற்று அதட்டலாக எழுதிவிட்டேன் என்று என் மனைவி சொல்கிறாள். அதட்டியது சரிதான். ஆனால் அதட்ட எனக்கு என்ன தகுதி என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான்.

நான் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு துணை அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 2023 ஜூனில் இதே கேப்சைட்டபின் எனக்கும் தொடங்கியது. உயரம் 160 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. இரண்டையும் வைத்து உடல் பரப்பைக் கணக்கிட்டு 1.6 சதுர மீட்டர் என்று போட்டார்கள். சதுர மீட்டருக்கு 1250 மில்லிகிராம் என்றால் வேளைக்கு 2000. அதாவது காலையில் 4, இரவில் 4. இப்படி 14 நாள், பிறகு 7 நாள் ஓய்வு, ஆக 21 நாள் ஒரு சுற்று. மொத்தம் 8 சுற்று. தைக்கக் கொடுத்த சட்டைக்கு அளவு எடுப்பதுபோல ஆளுக்கு ஆள் அளவு மாறும். பக்கத்துப் படுக்கைக்காரர் எத்தனை சாப்பிடுகிறார் என்று விசாரிப்பதில் பயன் இல்லை.

முதல் நாளே எனக்கும் தொண்டையில் நின்றது. என் மனைவி யோசிக்கவே இல்லை. அவள் அம்மா வீட்டுப் பித்தளைப் பாக்குவெட்டியை எடுத்து வந்து, மாத்திரையை நடுவில் வைத்து ஒரே அழுத்து. பாதி என் மடியில், பாதி அரிசிப் பானைக்கு அடியில். பிங்க் நிறத் தோல் உரிந்து உள்ளே வெள்ளை மாவு. அந்த மாவை முந்தானையால் துடைத்தாள். நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் நர்ஸ் அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மா முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். "ஊசியாகக் கொடுக்கும்போது நாங்கள் கையுறை போட்டுக்கொள்கிறோம். நீங்கள் பாக்கு வெட்டுகிறீர்களா?"

இந்த மாத்திரை உடலுக்குள் போய்த்தான் ஃப்ளூரோயுராசில் என்ற பழைய கீமோ மருந்தாக மாறுகிறது, அதே மருந்துதான் ஊசியாக நரம்பில் ஏறுவதும். வந்து சேரும் வழி மட்டும் வேறு. ஊசி என்றால் கட்டில், நர்ஸ், பக்கத்தில் டாக்டர். மாத்திரை என்றால் நம் வீட்டு அலமாரி. அந்த நர்ஸ் பார்க்கும் வேலையையும் சேர்த்துத்தான் நம் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இது நமக்கு உறைப்பதில்லை.

விழுங்க எனக்கு உதவியது: சாப்பிட்டு முடித்து அரை மணி நேரத்துக்குள், நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நிறையத் தண்ணீர். நாலையும் ஒரே வாயில் போடுவது வீரம் அல்ல. தண்ணீர்தான், காப்பி, பால், பழச்சாறு வேண்டாம். அப்படியும் முடியாவிட்டால் டாக்டர் வேறு வழி சொல்வார். வீட்டில் வழி தேட வேண்டாம்.

10 பிப்ரவரி, இரவு 9

இரண்டு டாக்டரிடமும் பேசிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அதே பதிலில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "இரண்டு பேர் மருந்தும் ஒரே டப்பாவில்தான் இருக்கிறது" என்று, அது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

உங்கள் மனைவி ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடுவார், கர்ப்பிணிகள் எல்லோரும் சாப்பிடுவதுதான். அது அவருக்கு நல்லது. உங்கள் அம்மாவுக்கு அது ஆகாது. கேப்சைட்டபினோடு ஃபோலிக் அமிலம் சேர்ந்தால் பக்க விளைவுகள் கடுமையாகும். மாறிப் போனால் இரண்டு பக்கமும் ஆபத்து. இன்றே தனித்தனி டப்பா, தனித்தனி அறை.

என் மகன் துபாயிலிருந்து வரும்போது சத்து மாத்திரைப் புட்டி ஒன்று வாங்கி வந்தான். அப்பா இளைத்துவிட்டார் என்ற பாசம். அட்டையில் சிறிய எழுத்தில் ஃபோலிக் அமிலம். புட்டி திறக்காமலே திரும்பிப் போனது. கீரையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முருங்கைக் கீரை நான் சாப்பிட்டேன், டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால் இவற்றில் எதுவும் அம்மா சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் இரண்டின் வேகத்தைக் கேப்சைட்டபின் கூட்டும். மூன்றாவது இதன் வேகத்தைக் குறைக்கும்.

13 பிப்ரவரி

ஒருவர் கேட்கிறார்: ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை சேர்த்துப் போடலாமா? கூடவே கூடாது. போனது போனதுதான். வாந்தியில் வந்துவிட்டாலும் மறுபடி போடக் கூடாது.

இதில் என் கதை. அஞ்சலகப் பழக்கம், தபால்தலை இருப்புபோல மாத்திரைக்கும் இருப்புக் கணக்கு. ஒரு சுற்றுக்கு 112 மாத்திரை. தினம் தேதி கிழிக்கும் சிவகாசிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். இரண்டாம் சுற்றின் 9ஆம் நாள் எண்ணினால் 44 இருந்தது. 9 நாளுக்கு 72 போனால் 40 அல்லவா இருக்க வேண்டும்? ஒரு வேளை விட்டுப் போயிருக்கிறது! எப்போது என்று பார்த்தால் 6ஆம் நாள் மாலை சம்பந்தி வீட்டு வரவேற்பு. அங்கே மறந்திருக்கிறேன். அன்றிரவு எட்டாகப் போட்டு நேர் செய்துவிடலாமா என்று கை துடித்தது. நர்ஸ் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, நாலோடு நிறுத்திக்கொண்டேன். கடைசி வரை அந்த நாலு மாத்திரையை நினைத்து மனசு அடித்துக்கொண்டது.

14 பிப்ரவரி

அவமானம். ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐயா, 9ஆம் நாள் இரவு மாத்திரை போடுவதற்கு முன்பு எண்ணினீர்களா, பின்பா?"

முன்பு. மாலை விளக்கு வைத்ததும் எண்ணுவேன்.

எட்டு நாளுக்கு 64, ஒன்பதாம் நாள் காலை 4, ஆக 68 போயிருக்கிறது. 112இல் 68 போனால் 44. சரியாகவே இருந்திருக்கிறது. முப்பத்தாறு வருடம் கணக்கு முடித்தவன், நாள் முடியும் முன்பே கணக்கை முடித்திருக்கிறேன். ஒன்றரை வருடமாக நான் மறக்காத வேளைக்கு வருத்தப்பட்டிருக்கிறேன். சம்பந்தி வீட்டு வரவேற்பில் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன் போலும்.

அன்றைக்கு எட்டு போட்டிருந்தால்? அந்தக் கணக்கை நான் போட விரும்பவில்லை. சரி, சுற்று முடிந்த பிறகு மிச்சத்தை எண்ணிக்கொள்ளுங்கள், நடுவில் எண்ணிப் பயப்படாதீர்கள்.

20 பிப்ரவரி

முக்கியமானதை இதுவரை எழுதாமல் தள்ளிப் போட்டேன். எழுத வெட்கமாக இருந்தது.

மூன்றாம் சுற்று, 10ஆம் நாள். காலையிலிருந்து வயிறு சரியில்லை, நாலைந்து தடவை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மோர் குடித்தேன். இரவு மாத்திரை போட்டேன். 11ஆம் நாள் ஒன்பது தடவை; இரவில் மட்டும் மூன்று. மனைவி டாக்டரைக் கூப்பிடலாம் என்றாள். நான் விடவில்லை. இன்னும் மூன்று நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுகிறேன் என்றேன். மழையானாலும் வெயிலானாலும் தபால் நிற்கக் கூடாது என்று பழகிய உடம்பு. மருந்தை ஒரு வேளை நிறுத்தினால் நோய் அந்தக் கதவு வழியாக நுழைந்துவிடும் என்ற பயம் வேறு. அன்றிரவும் நாலு. 12ஆம் நாள் காலையிலும் நாலு. பத்து மணிக்குக் கொல்லைப்புறக் கதவருகே விழுந்தேன். விழுந்ததும் எனக்குத் தெரியாது, விழிக்கும்போது பக்கத்து வீட்டு ஆட்டோவில் இருந்தேன். இரண்டு நாள் மருத்துவமனையில் டிரிப் ஏற்றினார்கள்.

டாக்டர் திட்டவில்லை. கேட்டார்: "கையேட்டைப் படித்தீர்களா?" படித்தேன். "நிறுத்துங்கள் என்ற பக்கத்தையும் படித்தீர்களா?" படித்தேன், அது பலவீனமானவர்களுக்கு என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "சொன்ன நாளில் போடுவது மட்டும் மருந்து சாப்பிடுவது அல்ல சார். நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தி எங்களைக் கூப்பிடுவதும் அதே சீட்டில்தான் எழுதியிருக்கிறது" என்றார். விட்டுப்போன வேளைகளைப் பிறகு ஈடுகட்டவும் இல்லை. நான்காம் சுற்றிலிருந்து காலை 3, இரவு 3. அளவு குறைந்தால் பலன் போய்விடுமோ என்று நான் கேட்டதற்கு, இப்படிக் குறைப்பதும் இந்த மருந்தின் ஏற்பாட்டிலேயே இருக்கிறது என்றார்.

நான்கு தடவை போனால் நிறுத்துங்கள், கூப்பிடுங்கள். வாய்ப்புண்ணால் சாப்பிட முடியவில்லை என்றாலும், தண்ணீர் கூடத் தங்காமல் வாந்தி என்றாலும் அப்படியே. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டு விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

சிலருக்கு முதல் சுற்றின் முதல் சில நாட்களிலேயே கடுமையாக வரும். இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் டிபிடி என்ற நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அதைச் சோதித்துவிட்டுத் தொடங்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் பரிந்துரைத்தது. உங்கள் டாக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

21 பிப்ரவரி

திருத்தம். "நான்கு தடவை போனால்" என்று எழுதியது அரைகுறை. வழக்கமாகப் போவதைவிட நான்கு தடவை கூடுதலாக. அல்லது இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து போக நேர்ந்தால். குடல் அறுவைக்குப் பிறகு சிலருக்கு மூன்று நான்கு தடவை என்பதே வழக்கமாகிவிடும். அவர்கள் என் நேற்றைய வரியைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் எனக்கு. அம்மாவின் வழக்கம் எத்தனை என்பதை இப்போதே காலண்டரில் எழுதி வையுங்கள், தம்பி. அம்மாக்கள் கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள்.

2 மார்ச்

ரத்தப் புற்றுக்காக இமாட்டினிப் சாப்பிடும் என் நண்பர் இதையெல்லாம் படித்துவிட்டுக் கோபமாகப் பேசினார். "நிறுத்தத் தெரிய வேண்டும் என்று பொத்தாம் பொதுவாக எழுதுகிறாய். என் மாத்திரை அப்படி அல்ல. பதினோரு வருடமாக ஒரு நாள் விடாமல் போடுகிறேன். அடிக்கடி விட்டால் நோய் கட்டை மீறிவிடும்."

அவர் சொல்வது சரி. அவருக்கு இருப்பது நாட்பட்ட மைலாய்டு வகை. ஓய்வு வாரம் கிடையாது, தினமும் 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். பம்பளிமாஸ் அவருக்கு விலக்கு. "எங்கள் மாத்திரை கோர்ட் ஏறி இறங்கிய மாத்திரை" என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிளீவெக்குக்கு (இமாட்டினிப்பின் கம்பெனிப் பெயர்) காப்புரிமை மறுத்ததும், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் அவருக்கு மனப்பாடம். அந்தத் தீர்ப்பால்தான் மலிவாகக் கிடைக்கிறது, இல்லாவிட்டால் வீட்டை விற்றிருப்பேன் என்பார்.

இன்னொரு உறவினர், புராஸ்டேட்டுக்கு அபிராட்டரோன். அது வெறும் வயிற்றில். கொழுப்பான சாப்பாட்டோடு போட்டால் உடலில் சேரும் அளவு 10 மடங்கு வரை கூடும். எனக்குச் சாப்பிட்ட பின், அவருக்குச் சாப்பிடாமல். ஒரே வீட்டில் நாங்கள் இருவரும் தங்கிய ஒரு கல்யாணத்தில் எங்கள் இருவருக்கும் பந்தியில் இடம் போட்டவர் திண்டாடினார். ஆகவே நான் இங்கே எழுதுவது கேப்சைட்டபினுக்கு மட்டும். வேறு மாத்திரைக்காரர்கள் என் குறிப்பை வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

15 மார்ச்

உள்ளங்கை சிவந்து எரிகிறது என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வரும். எனக்கு ஐந்தாம் சுற்றில் உள்ளங்கையும் பாதமும் வெந்ததுபோல் ஆகி, தோல் வெங்காயச் சருகாக உரிந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாது. சூடான டம்ளரைத் தொட முடியாது. வெந்நீர், இறுக்கமான செருப்பு, துணி பிழிவது, நீண்ட நடை எல்லாவற்றையும் தவிர்க்கச் சொன்னார்கள். யூரியா கலந்த களிம்பு தடவினேன். கொப்புளமோ வலியோ வந்தால் அதுவும் மருந்தை நிறுத்திக் கூப்பிட வேண்டிய கணக்கில்தான் சேரும். என் மனைவி குளிர்ச்சி என்று மருதாணி அரைத்து இரண்டு கையிலும் அப்பிவிட்டாள். மறுநாள் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதில் நான் எந்தச் சிவப்பைப் பார்ப்பது?"

டெல்லி எய்ம்ஸில் 264 நோயாளிகளிடம் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள்: மூட்டு வலிக்குத் தடவும் அதே டைக்ளோஃபெனாக் ஜெல், 1 விழுக்காடு, கைகளில் தடவிக்கொண்டவர்களில் 3.8 விழுக்காட்டினருக்குத்தான் இந்தத் தொல்லை மிதமாகவோ கடுமையாகவோ வந்தது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 15 விழுக்காடு. நான் சாப்பிட்டபோது இது தெரியாது. உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தடவுங்கள்.

ரேஷன் கடை விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். அக்டோபரில் அரிசி வாங்கப் போனேன். கருவியில் விரலை வைத்தால் எடுக்கவில்லை. பத்து விரலும் வைத்தாயிற்று. பின்னால் வரிசை. "பெரியவரே, கையைத் துடைத்துவிட்டு வையுங்கள்." துடைப்பதற்கு அங்கே ரேகை இருந்தால்தானே! விரல் நுனி மழுமழுவென்று பீங்கான்போல் இருந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதே மாத்திரை சாப்பிட்டுவந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரை 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் ரேகை இல்லை என்று நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். 2009இல் மருத்துவ இதழிலேயே வந்தது. எனக்கு விமானம் இல்லை, 20 கிலோ அரிசி. மனைவி விரலை வைத்து வாங்கினோம். ஓய்வூதிய ஆயுள் சான்றுக்கு முக அடையாள முறை வந்துவிட்டது, பிழைத்தேன். அம்மாவுக்கு ஓய்வூதியம் உண்டென்றால் டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரேகை திரும்பிவிட்டது. மாத்திரை முடிந்து எத்தனை வாரத்தில் என்று கவனிக்கவில்லை. ஒருநாள் வைத்தேன், எடுத்துக்கொண்டது.

23 மார்ச்

சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என் மச்சினர் ஒரு பை நிறைய நித்தியகல்யாணி பறித்து வந்தார், சுடுகாட்டுமல்லி என்போமே, அதுதான். "புற்றுநோய் மருந்தே இதிலிருந்துதான் எடுக்கிறார்கள், கஷாயம் வைத்துக் குடி." எடுக்கிறார்கள் என்பது உண்மை. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் அந்தச் செடிதான். அதனால்தான் குடிக்கக் கூடாது. அளந்து நரம்பில் ஏற்ற வேண்டிய நஞ்சை, நான் ஏற்கெனவே ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அளவில்லாமல் கொதிக்க வைத்துக் குடிப்பதா? பையைக் குப்பைமேட்டில் கொட்டினேன். மச்சினர் ஆறு மாதம் பேசவில்லை.

அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்வது எங்கள் பக்க வழக்கம். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் டாக்டரையும் பாருங்கள், அவரிடம் கீமோ மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். 1993இல் ஜப்பானில் அக்கிக்கென்று ஸொரிவுடின் என்ற மாத்திரை வந்தது. இதே குடும்பத்துக் கீமோ மாத்திரை சாப்பிட்டவர்களில் பத்துக்கு மேற்பட்டோர் இரண்டும் சேர்ந்து, ஒன்றிரண்டு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். மேலே சொன்னேனே, சிதைக்கும் நொதி, அதை அந்த மாத்திரை முடக்கிவிட்டது. அதன் தம்பி பிரிவுடின் ஐரோப்பாவில் சில நாடுகளில் இன்னும் உண்டு. இரண்டுக்கும் இடையே குறைந்தது 4 வாரம் விட வேண்டும்.

6 ஏப்ரல்

அம்மா மூன்றாம் சுற்றில் இருக்கிறார், முழுசாகவே விழுங்குகிறார், நீங்கள் கையுறை போட்டு எடுத்துக் கொடுக்கிறீர்கள், மனைவி தாய்வீட்டில். சந்தோஷம். மிச்ச மாத்திரை இருந்தால் கழிப்பறையிலோ குப்பையிலோ போடாமல் மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அம்மியை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சோப்புப் போட்டு நாலு தடவை கழுவினால் போதும் என்று சிலரும், வேண்டவே வேண்டாம் என்று சிலரும் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பாக்குவெட்டியைப் பாலிதீன் பையில் கட்டி, மேலே "தொடாதே" என்று எழுதி, என் பழைய பழக்கத்தில் தேதியும் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். பித்தளை, அவள் அம்மா கொடுத்தது, தூக்கிப் போட மனம் வரவில்லை. கும்பகோணத்தில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது சரியாக வெட்டவில்லை என்று இன்று காலையிலும் திட்டு வாங்கினேன்.